ஜெபத்தோடு முடித்துவைத்த பேச்சு

என்னுடைய பிரியாவிடைக் காலைச் சாப்பாட்டில், நாகர்கோவிலிலிருந்து வந்து எங்களோடு சேர்ந்த பிள்ளை ஒருத்தி எல்லாருக்கும் முன்னால் என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். “எப்படி சிஸ்டர், டூட்டியும் பாத்து, சர்ச் ஊழியமும் பாத்து, வீட்டையும் பாத்தீங்க? உங்களுக்கு மட்டும் எப்படி டைம் கிடைச்சுது?” நான் சிரித்துக்கொண்டு, “ஆண்டவர் தந்தவர்” என்று சொல்லிவிட்டுப் பாணுக்கு வெண்ணெய் பூசத் தொடங்கினேன். அவள் முகம் மலர்ந்து உட்கார்ந்தாள். நான் சொன்னது பொய் இல்லை, ஆனால் அது பதிலும் இல்லை. சரியான பதிலைப் பூங்கொத்துக்கும் கேக்குக்கும் நடுவில் சொல்ல முடியாது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இது அவளுக்கும், நாகர்கோவில், திருநெல்வேலிப் பக்கமிருந்து இந்தத் தாதி வேலைக்கு வந்திருக்கிற மற்றப் பிள்ளைகளுக்கும், இங்கே ஜேர்மனியிலேயே பிறந்து அவுஸ்பில்டுங், அதாவது தொழிற்பயிற்சி, முடித்து வந்திருக்கிற எங்கள் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்கும். உங்களில் ஜெபிக்கிறவர்களும் இருப்பீர்கள், அந்தப் பக்கமே போகாதவர்களும் இருப்பீர்கள். ஜெபிக்கிறவர்கள் கொஞ்சம் கூடுதலாகக் கவனித்து வாசியுங்கள்.

நேரத்தைப் பற்றிப் புத்தி சொல்லுகிற ஆட்களைக் கண்டால் எனக்கு இப்போது அலுப்பு. நானே நெடுங்காலம் அப்படி ஒருத்தியாக இருந்ததுதான் காரணம். டோர்ட்மண்டில் நான் பார்த்த வேலையெல்லாம் வீடு வீடாகப் போகிற தாதி வேலைதான். காலையில் காரின் கண்ணாடியில் படிந்த உறைபனியைச் சுரண்டி எடுத்துவிட்டுக் கிளம்பினால், ஒரு வீட்டில் குளிப்பாட்டு, அடுத்த வீட்டில் ஊசி, அதற்கடுத்த வீட்டில் கால் கட்டு, குளிசை. ஒவ்வொன்றுக்கும் இவ்வளவு நேரம்தான் என்று மேலே இருப்பவர்கள் அளந்து வைத்திருக்கிறார்கள். பிந்தினால் கைபேசியில் அடுத்த வீட்டுப் பெயர் சிவப்பாகிவிடும். அந்தச் சிவப்பைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

தொடக்கத்தில் என்னைத் தன்னோடு காரில் ஏற்றிக்கொண்டு திரிந்த ஜேர்மன் தாதி ஒருவர் இருந்தார். சிரிக்கவே மாட்டார். வேகம் என்றால் அவர்தான். வாசலில் நிற்கும்போதே அடுத்த வேலைக்கான சாமான் கையில் இருக்கும். தண்ணீர் சூடாகிற இடைவெளியில் படுக்கை விரித்து முடிந்திருக்கும். ஒரு நடை போன இடத்துக்கு மறுநடை போகமாட்டார். நான் வாயைப் பிளந்து பார்த்து, எல்லாவற்றையும் அப்படியே பிடித்துக்கொண்டேன். கொஞ்சக் காலத்தில் அவரையும் மிஞ்சினேன் என்று அலுவலகத்தில் பேச்சு. காலில் சக்கரம் கட்டியிருக்கிறாள் என்று எங்கள் ஷெபின், அதாவது பொறுப்பதிகாரி, மற்றவர்களுக்கு என்னைக் காட்டிச் சொல்லுவார்.

ஆனால் ஒன்றை நான் கவனிக்கவில்லை. அந்த மனுஷி மிச்சம் பிடித்த நேரத்தை அந்தந்த வீட்டிலேயே செலவழித்துவிட்டு வந்தார். வேலை முடிந்ததும் கதிரையை இழுத்துப் போட்டு உட்காருவார். பெரிதாக ஒன்றும் பேசமாட்டார். கிழவரோ கிழவியோ பேசுவார்கள், இவர் கேட்டுக்கொண்டிருப்பார். எனக்கு அப்போது அது ஒரு சோம்பேறித்தனமாகத்தான் பட்டது. இவ்வளவு விரைவாக வேலையை முடித்துவிட்டு இப்படிச் சும்மா குந்தியிருக்கிறாரே என்று மனதுக்குள் குறை சொல்லியிருக்கிறேன். நான் மிச்சம் பிடித்ததையெல்லாம் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினேன்.

எங்கே ஓடினேன் என்றால், சபைக்கு. ஜேர்மன் ஆலயம் ஒன்றின் மண்டபத்தில் ஞாயிறு பின்னேரங்களில் எங்கள் தமிழ் ஆராதனை. அதோடு வெள்ளி உபவாச ஜெபம், பெண்கள் ஐக்கியம், ஓய்வுநாள் பாடசாலை, பாடகர் குழுப் பயிற்சி, நத்தாருக்கு வீடு வீடாகக் கரோல். எல்லாவற்றிலும் நான் இருப்பேன். எங்கள் போதகர் காலத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்வதில் வல்லவர். ஒவ்வொரு நிமிடத்துக்கும் ஒருநாள் கணக்குக் கொடுக்க வேண்டும் என்பார். நான் முன்வரிசையில் இருந்து தலையாட்டுவேன். என்னைத்தான் உதாரணமாகக் காட்டுவார். அதில் எனக்கு வெட்கமும் இருந்தது, அதைவிடப் பெரிய சந்தோஷமும் இருந்தது.

அந்த நாட்களில் என் மனதில் இரண்டு வகை நேரம் இருந்தது. வேலை நேரம் உலகத்துக்குரியது, எவ்வளவு விரைவாக முடிகிறதோ அவ்வளவு நல்லது. சபை நேரம் ஆண்டவருக்குரியது. உலகத்திடமிருந்து பிடுங்கி ஆண்டவரிடம் கொடுப்பதுதான் புத்தியுள்ள விசுவாசியின் வேலை என்று நினைத்தேன். யாரும் எனக்கு அப்படிச் சொல்லித் தரவில்லை. நானாகவே கட்டிக்கொண்ட வேதம் அது.

இனி, எங்கள் வீடுகளில் பேச்சை முடிப்பது எப்படி என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். ஜேர்மன்காரருக்கு இது பெரிய விஷயமே இல்லை. தொடையில் ஒரு தட்டு, “ஸோ!” என்று ஒரு சொல், எழும்பிவிடுவார்கள். ஒருவரும் கோபிக்கமாட்டார்கள். எங்கள் ஆட்களிடம் அது நடக்குமா? “வாறன்” என்று எழும்பினால் வாசலில் ஒரு கதை, சப்பாத்துப் போடும்போது ஒரு கதை, படியில் இறங்கினால் மேலேயிருந்து ஒரு கதை. தமிழ்க் கிறிஸ்தவ வீடுகளில் மட்டும் அதற்கு ஒரு மருந்து உண்டு. “ஒரு ஜெபம் பண்ணுவமே?” என்று கேட்டால் போதும். பேச்சு அந்த இடத்திலேயே நின்றுவிடும். சேலைத் தலைப்பு தலைக்கு ஏறும். ஆமென் சொன்னதும் எல்லாரும் எழும்பிவிடுவார்கள். அதற்குப் பிறகு புதுக்கதை தொடங்குவது மரியாதை இல்லை. ஆண்டவரே வந்து கூட்டத்தை முடித்துவைத்த மாதிரி.

இதை நான் வேலையில் பயன்படுத்தினேன். என் டூரில், அதாவது நான் தினமும் சுற்றிவருகிற வீடுகளில், இருந்த தமிழ்க் கிறிஸ்தவ வீடுகளில் நேரம் இறுகினால், ஜெபம். வீட்டுக்காரருக்கும் திருப்தி, எனக்கும் புண்ணியம், கைபேசியும் சிவப்பாகாது. ஒரே கல்லில் இத்தனை மாங்காய் விழுந்தால் யார்தான் விடுவார்கள்?

அந்த வீடுகளில் ஒன்று ரஞ்சி அக்காவின் வீடு. பெயரை மாற்றித்தான் எழுதுகிறேன். எங்கள் சபையில் என்னைவிட மூத்தவர். கணவருக்குப் பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் இழுத்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. நான் காலையில் போய் அந்த அண்ணையைக் குளிப்பாட்டி, உடுப்புப் போட்டு, கதிரையில் இருத்திவிட்டு வருவேன். மிச்சம் முழுவதும் அக்காதான். சாப்பாடு தீத்துவது, திருப்பிப் படுக்கவைப்பது, கழிப்பறைக்குத் தூக்கிக்கொண்டு போவது, எல்லாம். ஒரே மகன், மூனிச்சில் வேலை. சபையில் எல்லாரும் அக்காவைப் புகழ்வார்கள். “ரஞ்சி மாதிரி ஒரு மனுசி கிடைக்கிறதுக்கு அவர் குடுத்து வைச்சிருக்கிறார்” என்பார்கள். வேறொரு குடும்பத்தில் தாயை ஹைமில், அதாவது முதியோர் பராமரிப்பு இல்லத்தில், விட்டபோது அதே வாய்கள் என்ன சொன்னன என்பதும் அக்காவுக்குத் தெரியும். நானும் அந்தக் கதைகளில் கலந்துகொண்டவள்தான்.

ஒரு வெள்ளிக்கிழமை, அண்ணையைக் கதிரையில் இருத்திவிட்டு நான் கை கழுவிக்கொண்டு நின்றபோது அக்கா குசினி வாசலுக்கு வந்தார்.

“இருங்கோ தங்கச்சி, தேத்தண்ணி ஊத்திப்போட்டன். உங்களிட்ட ஒரு விஷயம் கதைக்க வேணும்.”

“சொல்லுங்கோ அக்கா.”

“இருந்து கதைக்க வேணும்.”

அன்றைக்குப் பின்னேரம் உபவாச ஜெபத்தை நடத்த வேண்டியவள் நான். இடையில் இன்னும் வீடுகள் இருந்தன. “நாளைக்கு ஆறுதலாக் கதைப்பம் அக்கா, இப்ப ஒரு ஜெபம் பண்ணிப்போட்டுப் போறன்” என்றேன். அக்கா சேலைத் தலைப்பை எடுத்துத் தலையில் போட்டார். அந்தத் தேநீரை நான் குடிக்கவில்லை.

எனக்கு அப்போது தெரியாததை உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். முதல்நாள் அக்கா கண் மருத்துவரிடம் போயிருந்தார். சில நாட்களாகவே ஒரு கண்ணில் மின்னல் மாதிரி வெட்டியிருக்கிறது. பிறகு ஓரத்திலிருந்து ஒரு நிழல் ஏறத் தொடங்கியிருக்கிறது. உள்ளே விழித்திரை கழன்று வருகிறது, இப்போதே ஆஸ்பத்திரிக்குப் போய் ஒப்பரேசன் செய்ய வேண்டும், பிந்தினால் அந்தக் கண் போய்விடும் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். அக்காவுக்கு அது விளங்கியது. ஆனால் ஆஸ்பத்திரியில் படுத்தால், வந்த பிறகும் பாரம் தூக்கக்கூடாது. அண்ணையை யார் பார்ப்பது? கொஞ்ச நாளைக்கு அவரை ஒரு ஹைமில் விட வழியுண்டா, விட்டால் அது பாவமா, சபை என்ன சொல்லும்? இதைக் கேட்கத்தான் தேநீர் ஊற்றினார். ஆஸ்பத்திரித் தாளை நீட்டியவர்களிடம், வீட்டை ஒழுங்குபடுத்திவிட்டு வருகிறேன் என்று சொல்லி வந்தவர், ஒழுங்குபடுத்த என்னைத்தான் நம்பியிருந்தார்.

அடுத்தநாள் போனேன். அன்றைக்கு எனக்கு அவசரம் இன்னும் கூட. வேலை முடிந்த கையோடு இளையோர் முகாமுக்குப் போக வேண்டும். சவர்லான்ட் மலைப்பக்கத்தில் ஒரு விடுதி எடுத்திருந்தோம். பிள்ளைகளை ஏற்றின பஸ் எனக்காகக் காத்து நிற்கும். அண்ணையின் குளிசைகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்த அக்கா ஒன்றைப் பெட்டிக்கு வெளியே வைத்தார். நான் அதை எடுத்து உள்ளே போட்டேன். நித்திரை இல்லை போல என்று நினைத்தேன். தாதி வேலையில் இத்தனை காலம் இருந்தவள், அவ்வளவுதான் நினைத்தேன்.

“தங்கச்சி, எனக்கு ஏலாமல் கிடக்கு” என்றார் அக்கா. குரல் நன்றாக இறங்கியிருந்தது, அண்ணைக்குக் கேட்கக்கூடாது என்று. “இவரைக் கொஞ்ச நாளைக்கு எங்கயேனும்…”

வசனத்தை அவர் முடிக்கவில்லை. நானும் முடிக்க விடவில்லை. களைப்பில் பேசுகிறார், தேற்ற வேண்டும் என்று நினைத்தேன். அவருடைய இரண்டு கைகளையும் பிடித்தேன். “அக்கா, நீங்கள் செய்யிறது லேசான காரியமில்லை. வாங்கோ, ஆண்டவரிட்டச் சொல்லுவம்” என்றேன். கண்ணை மூடினேன். ஜெபம் எனக்கு எப்போதும் தடையில்லாமல் வரும்.

“ஆண்டவரே, உம்முடைய பிள்ளைக்குப் புதுப் பெலன் தாரும். தன் கணவரைக் கடைசிவரைக்கும் தன் கைகளாலேயே பராமரிக்கிற கிருபையைத் தாரும். வேறு எண்ணங்கள் வந்து சோர்ந்துபோகாதபடி காத்துக்கொள்ளும்.”

“ஆமென்” என்றார் ரஞ்சி அக்கா.

கண்ணைத் திறந்தபோது அவர் முகத்தில் கண்ணீர் இருந்தது. ஜெபம் அவரைத் தொட்டுவிட்டது என்று எடுத்துக்கொண்டேன். கையை ஒருமுறை அழுத்திவிட்டுப் படிகளில் இறங்கினேன். வேலை முடிந்தது, ஆறுதலும் சொன்னேன், ஜெபமும் பண்ணினேன், பிந்தவும் இல்லை. காரில் பாட்டுப் பாடிக்கொண்டு போனது நினைவிருக்கிறது. அதை நினைக்கும்போதுதான் எனக்கு இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

முகாமில் இளையோருக்கு நான் பேசிய தலைப்பு என்ன தெரியுமா? கிறிஸ்தவன் காலத்தை எப்படிப் பயன்படுத்த வேண்டும். பிள்ளைகள் கைதட்டினார்கள். போதகர் என் பேச்சை மற்ற நகரத்துச் சபைகளிலும் கொடுக்க வேண்டும் என்றார். நான் இல்லாத நாட்களில் அண்ணையைப் பார்க்க வேறொரு தாதி போனார். நல்ல பெண்தான், ஆனால் பாவமா புண்ணியமா என்று அவரிடம் கேட்க அக்காவிடம் அவ்வளவு ஜேர்மன் இல்லை. தவிர, கேட்பதற்கு அக்காவிடம் இனி என்ன இருந்தது? பதில் ஏற்கனவே வந்துவிட்டது. ஆண்டவருடைய பெயரால் வந்துவிட்டது.

முகாமிலிருந்து வந்து மறுபடி வேலைக்குப் போன நாளில், அக்கா எனக்குத் தேநீர் ஊற்றினார். தேநீர் கோப்பைக்குப் பக்கத்தில், மேசையில் விழுந்து ஓடியது. அவருக்கு அது தெரியவில்லை. ஊற்றிக்கொண்டே இருந்தார்.

கேத்தலை வாங்கி வைத்தேன். அவரை யன்னல் பக்கம் திருப்பி இருத்தி, ஒரு கண்ணைப் பொத்தச் சொன்னேன். “என்ரை கை தெரியுதோ அக்கா?”

“தெரியுது.”

மற்றக் கண்ணைப் பொத்தச் சொல்லிவிட்டுக் கையை அவர் முகத்துக்கு முன்னால் ஆட்டினேன்.

“இப்ப?”

“நிழல் மாதிரி ஏதோ அசையுது தங்கச்சி.”

அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னார். அழாமல், அடுத்த வீட்டுக்காரியின் கதையைச் சொல்வது போலச் சொன்னார். பிள்ளைகளே, மனம் கலங்குகிற நேரத்தில் கை தன்பாட்டில் வேலை செய்யும், அது இந்தத் தொழில் எங்களுக்குத் தருகிற ஒரு வரம். ஷெபினை அழைத்தேன். என் மிச்ச வீடுகளுக்கு ஆள் அனுப்பச் சொன்னேன், அண்ணைக்கு இன்றைக்கே ஒரு படுக்கை வேண்டும் என்றேன். அவர் ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. மூனிச்சில் மகனுக்குச் சொன்னேன், அவன் ரெயில் ஏறினான். பக்கத்துத் தெரு ஹைம் ஒன்றில் இடம் கிடைத்துவிட்டது. அண்ணையின் உடுப்பை நான் பையில் வைக்கும்போது, அவர் அசைக்க முடிந்த கையால் அக்காவைப் போ, போ என்று காட்டினார். பேச்சில்லாத அந்த மனிதருக்கு நிலைமை என்னைவிட விரைவாக விளங்கியிருந்தது.

மதியத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஒரு சில தொலைபேசி அழைப்புகள், ஒரு பை, ஒரு கார்ப் பயணம். அவ்வளவுதான் தேவைப்பட்டது. அந்த வெள்ளிக்கிழமையே நான் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தால், தேநீர் ஆறுவதற்குள் முடிந்திருக்கக்கூடிய வேலை.

ஆஸ்பத்திரியில் நான்தான் மொழிபெயர்த்தேன். கண்ணைச் சோதித்த மருத்துவர் நிமிர்ந்து, இவரை உடனே வரச் சொல்லியிருக்கிறார்களே, ஏன் வரவில்லை என்று கேட்டார். அதைத் தமிழில் நான் அக்காவிடம் கேட்க வேண்டியிருந்தது. கேட்டேன்.

அக்கா என்னைப் பார்த்தார். பிறகு சொன்னார்: “வீட்டில ஆள் இல்லை எண்டு சொல்லுங்கோ.”

நான் அதை ஜேர்மனில் சொன்னேன். மருத்துவர் தலையசைத்துக்கொண்டு எழுதிக்கொண்டார்.

ஒப்பரேசன் செய்தார்கள். கழன்றதை ஒட்டவைத்தார்கள். பார்வை திரும்பவில்லை. வெளிச்சம் எது, இருட்டு எது என்று மட்டும் அந்தக் கண்ணுக்குத் தெரியும். இந்த இடத்துக்கென்றே தமிழில் ஒரு பழமொழி இருக்கிறது. அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள்.

அண்ணை ஹைமில் நன்றாகவே இருந்தார் என்பதையும் சொல்ல வேண்டும். மசித்த உருளைக்கிழங்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். பக்கத்துக் கட்டில் ஜேர்மன் கிழவரோடு சேர்ந்து உதைபந்தாட்டம் பார்த்தார். டோர்ட்மண்ட் கோல் அடித்தால் நல்ல கையை மேலே தூக்குவாராம். நாங்கள் எல்லாரும் பயந்த பாவம் அவ்வளவுதான்.

அக்கா தேறி ஆலயத்துக்கு வந்த முதல் ஞாயிறு, சாட்சி சொல்ல எழுந்தார். சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். சொல்லட்டும் என்றும் நினைத்தேன். அவர் மைக்கைப் பிடித்து, ஆண்டவர் மற்றக் கண்ணைக் காத்துத் தந்தார் என்று ஸ்தோத்திரம் சொன்னார். பிறகு, “தங்கச்சி சரியான நேரத்தில வந்து என்னைக் கொண்டுபோனபடியால்தான்” என்று என் பெயரையும் சொன்னார். சபை முழுவதும் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தது. போதகர் அல்லேலூயா என்றார். நான் எழுந்து, இல்லை, அப்படி இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டு குனிந்திருந்தேன்.

அதற்குப் பிறகு நான் மாறினேனா என்று கேட்பீர்கள். கொஞ்சம் மாறினேன். காலத்தைப் பற்றிப் பேச அழைத்த சபைகளுக்குப் போகவில்லை. சில பொறுப்புகளை விட்டேன். ரஞ்சிக்கு வந்த சோதனையைப் பார்த்து இவளுக்கு விசுவாசம் குளிர்ந்துபோயிற்று என்று சபையில் கதைத்தார்களாம், கதைக்கட்டும். வேலை செய்கிற வீட்டில் மிச்சம் பிடிக்கிற நேரத்தை அந்த வீட்டிலேயே விட்டுவிட்டு வரப் பழகினேன். எல்லா நாளும் முடிந்தது என்று சொல்லமாட்டேன். சிவப்புச் சிவப்புத்தான், அதற்குப் பயப்படத்தான் செய்தேன்.

ஜெபிப்பதையும் நிறுத்தவில்லை. ஆனால் ஜெபிக்க முன் ஒரு கேள்வி கேட்கப் பழகினேன்: “என்னத்துக்காக ஜெபிக்க வேணும்?” கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டிருப்பேன். உங்களுக்கும் இதைத்தான் சொல்லுகிறேன். பதில் உடனே வராது. முதலில் எல்லாருக்காகவும் ஜெபிக்கச் சொல்லுவார்கள், ஊருக்காக, பேரப்பிள்ளைகளின் பரீட்சைக்காக. பொறுத்திருந்தால் கடைசியில் ஒன்று வரும். பல தடவை அதற்கு ஜெபம் தேவைப்படவில்லை. ஒரு டெர்மின், அதாவது மருத்துவரைப் பார்க்க நேரம், எடுத்துக் கொடுத்தாலே போதுமாக இருந்தது. ஆண்டவருக்கென்று நான் ஓடி ஓடிச் சேர்த்த நேரத்தை அவர் எங்கே கேட்டுக்கொண்டு நின்றார் என்பது எனக்கு அப்படித்தான் விளங்கியது. மிகவும் பிந்தித்தான் விளங்கியது. பிந்தியதால் கெட்டது என்னுடைய கண் இல்லை என்பதுதான் எனக்குத் தாங்க முடியாதது.

இதை எழுதலாமா என்று கேட்க, போன வாரம் ரஞ்சி அக்காவிடம் போனேன். அண்ணை இறந்து சில வருடங்களாகிவிட்டன. அக்கா தனியாக இருக்கிறார். இருந்து தேநீர் குடித்தேன். எழுதப்போவதை முழுவதும் சொன்னேன், அந்த ஜெபத்தையும் சொல்லுக்குச் சொல் சொன்னேன். அவருக்கும் அது அப்படியே நினைவிருந்தது.

“ஏன் அக்கா என்னை மறிக்கேல்லை? ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே.”

“நீங்கள் ஆண்டவரோட கதைச்சுக்கொண்டு நிக்கேக்க நான் எப்பிடி இடையில வாறது?”

அவர் கையை நீட்டி, பார்வை போன கண்ணின் பக்கம் மேசையில் தடவி என் கையைக் கண்டுபிடித்தார்.

“எழுதுங்கோ தங்கச்சி, இளம் பிள்ளையள் அறியட்டும். ஆனா நானும் ஆமென் சொன்னனான் எண்டதையும் சேர்த்து எழுதுங்கோ. இல்லாட்டி முழுப் பிழையும் உங்கட தலையில எல்லே விழும்.”

எழுதிவிட்டேன், அக்கா.